கொங்கு வீட்டில் மெரைன் டேங்க்: எந்த உப்பு, எந்தத் தண்ணீர், எப்படிக் கலக்குவது

கொங்கு நாட்டில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கடல் பக்கத்தில் இல்லை. கோவைக்குப் பொன்னானிக் கரை, கரூருக்கு நாகப்பட்டினக் கரை என்று எதை எடுத்தாலும் அரை நாள் வேலை. அதனால் இங்கே மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி, வைக்கிறவர் கடல்நீரை வீட்டிலேயே கலக்கிக்கொள்ள வேண்டியதுதான். மீன் கடையில் டேங்க், லைட், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். உப்பும் தண்ணீரும் என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் பெரிய விசயம் இல்லீங்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். என் கணக்கில் செலவையும் கவனத்தையும் முதலில் கொட்ட வேண்டிய இடமே அதுதான். லைட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தப்பான தண்ணீரில் உட்கார்ந்த கல்லையும் மணலையும் மாற்றுவது லேசான காரியமில்லை.

கல்லுப்பு ஏன் ஆகாது

"ஏனுங்க, கல்லுப்பும் கடல்ல இருந்து எடுக்கறதுதானுங்களே, அதைப் போட்டா ஆகாதுங்களா?" மெரைன் டேங்க் பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். பதில் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கிறது.

கடல்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் வற்றவிடும்போது அதிலுள்ள எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் படியும். இன்னும் வற்றினால் ஜிப்சம். நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் உப்பு என்று சொல்லும் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்கும். உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரி வந்ததும் உப்புப் பாத்திக்கு நீரை விடுவார்கள். 29 டிகிரியை நெருங்கும்போது மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். கசந்து கிடக்கும் அந்த மிச்ச நீரோடுதான் கடலின் மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் போய்விடுகிறது. கல்லுப்பு சமையலுக்கு நல்ல உப்பாக இருப்பதற்குக் காரணமே, கடலில் இருந்த மற்றவை அதில் இல்லை என்பதுதான். மீன் தொட்டிக்கோ அந்த மற்றவைதான் வேண்டும்.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அதில் குளோரைடு 19.3 கிராம், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4, பைகார்பனேட் 0.14 என்று போகும். புரோமைடு, போரான், ஸ்ட்ரான்சியம் எல்லாம் அதற்கும் கீழே. இந்த விகிதம் திறந்த கடலில் எங்கே மொண்டாலும் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் அலசி, 1884-இல் இதை உறுதிப்படுத்தினார். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த விகிதத்திலேயே பழகிய உயிர்களை வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் விட்டால் என்னவாகும்? கடல் மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் பிராணி. உள்ளே போகும் உப்புகளின் விகிதம் கெட்டால் அதன் உடம்பும் கெடும். இறால், நத்தை வகைகளுக்கு ஓடு கட்டக் கால்சியமும் இருக்காது. தாங்குசக்தி தரும் பைகார்பனேட் இல்லாததால் பிஎச்சும், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவும், ஓரிடத்தில் நிற்காது.

"சரி, அயோடின் இல்லாத உப்பு வாங்கினால் ஆகாதா?" என்று அடுத்து கேட்பார்கள். அயோடின் இதில் சின்ன விஷயம். கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. லிட்டருக்கு 35 கிராம் போட்டால் அரை மில்லிகிராம் சேரும். இயற்கைக் கடல்நீரில் இருப்பது 0.06 தான். ஆகவே அதிகம்தான். ஆனால் அயோடினை எடுத்துவிட்டாலும் மக்னீசியம் வந்துவிடாது. தூள் உப்பு கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் வேறு தனி. இந்துப்பு, பிங்க் சால்ட் எல்லாம் பழைய கடல் வற்றிய பாறை உப்பு. நிறம் மட்டும்தான் வேறு, சரக்கு பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு.

இந்தப் பக்கம் தனியாக ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாக உப்பு இறங்கும். ஒன்று தொழிற்சாலைத் தரச் சோடியம் குளோரைடு, இன்னொன்று கிளாபர் சால்ட் எனப்படும் சோடியம் சல்பேட். தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரக்கடை மக்னீசியம் சல்பேட்டையும் எங்கோ கிடைத்த கால்சியம் குளோரைடையும் கலந்து சொந்தமாக மெரைன் சால்ட் தயாரிக்கலாம் என்பவர்களும் உண்டு. ஆய்வகத் தரச் சரக்கும் துல்லியமான தராசும் இருந்தால் முடியும். பயிருக்கான சரக்கில் கலந்திருக்கும் உலோகங்கள் பயிருக்குப் பெரிதாகத் தெரியாது. இறாலுக்குத் தெரியும். மிச்சமாகும் காசை வைத்துப் பார்த்தால் இந்த வேலை எனக்கு லாபமாகப் படவில்லை.

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது

ஆக, வாங்க வேண்டியது மெரைன் சால்ட் மிக்ஸ். இன்ஸ்டன்ட் ஓஷன், ரெட் சீ, ட்ராபிக் மரின், அக்வாஃபாரஸ்ட் போன்றவை நம் ஊர்க் கடைகளில் கேட்டால் கிடைக்கும், இல்லாவிட்டால் ஆன்லைன். கல்லுப்போடு ஒப்பிட்டால் விலை கண்ணைக் கட்டும், கிலோ சில நூறு ரூபாய். அந்த விலைக்கு உங்களுக்குக் கிடைப்பது சரியான விகிதமும், எழுதிய அளவு உள்ளே இருக்கும் என்ற நம்பிக்கையும்.

விலை கூடினால் நல்லது என்று நினைத்து எதையாவது வாங்க வேண்டாம். பாக்கெட்டின் பின்னால் ஆல்கலினிட்டி (பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டின் அளவு), கால்சியம், மக்னீசியம் என்று மூன்று எண்கள் இருக்கும். கடலில் ஆல்கலினிட்டி அதற்கான டிகேஎச் என்ற அலகில் 7 அருகில், கால்சியம் 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு), மக்னீசியம் 1290 பிபிஎம். சில மிக்ஸ்கள் இதையொட்டி இருக்கும். சில, வேகமாக வளரும் பவளத் தொட்டிக்காக ஆல்கலினிட்டியை ஏற்றி வைத்திருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு பாக்கெட்டிலேயே இந்த வித்தியாசம் உண்டு. ரெட் சீயின் சாதாரண உப்பு 8 டிகேஎச் சுற்றியும், கோரல் ப்ரோ 12 சுற்றியும் வரும். மீன் மட்டும் வைக்கிறவருக்கு முதல் வகையே தாராளம்.

இந்தியாவில் அதிகம் பேர் மீன் தொட்டியோடு நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் சட்டமும்தான். கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டைக்கும் இதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து "லைவ் ராக்", அதாவது உயிர் ஒட்டிய கடல் கல், வருகிறது என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் செத்த பவளம்தான். உப்பு வாங்கும் அதே கடையில் செராமிக் கல் இருக்கும், அதைக் கேளுங்கள்.

வாங்கும்போது பாக்கெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மணல் மாதிரி நகர வேண்டும். அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் பரவாயில்லை. மொத்தமும் செங்கல்லாக இறுகியிருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஈரம் பட்ட மிக்ஸில் கால்சியமும் பைகார்பனேட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே சேர்ந்து சுண்ணாம்பாகிவிடும். பிறகு என்ன கலக்கினாலும் அது முழுதாகக் கரையாது, ஆல்கலினிட்டியும் எழுதியதைவிடக் குறைவாக வரும். பெரிய வாளியை உடைத்து ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று லூஸில் கட்டித் தருவதையும் நான் தவிர்ப்பேன். என்ன உப்பு, எப்போது உடைத்தது என்பது தெரியாது. தவிர, மிக்ஸர் பாக்கெட்டில் கடலை அடியில் தங்குவது போல, பருவெட்டான உப்புகளும் நைசானவையும் போக்குவரத்தில் பிரிந்துவிடும். மேலே இருந்து அள்ளிய ஒரு கிலோவும் அடியில் இருந்த ஒரு கிலோவும் ஒன்றல்ல. வீட்டில் வாங்கும் வாளிக்கும் இது பொருந்தும். திறப்பதற்கு முன் தரையில் படுக்கவைத்து நன்றாக உருட்டிவிடுங்கள். அள்ளிய பிறகு மூடியை இறுக மூடுங்கள்.

தண்ணீர்: ஆத்துத் தண்ணீரா, போர் தண்ணீரா

நம் வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் சிறுவாணியோ, பில்லூரோ, பவானியோ, காவிரியோ வரும், அதுவும் முறை வைத்து. இன்னொன்றில் போர் தண்ணீர், அதாவது சப்பத் தண்ணி. மெரைன் டேங்குக்கு "எப்படியும் உப்புத்தானே போடப் போகிறோம்" என்று போர் தண்ணீரை எடுப்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்திருக்கும். அதில் மெரைன் மிக்ஸைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து அளவு மீறி, வாளி பால் மாதிரி வெளுத்துவிடும். தெளிந்த பிறகு எவ்வளவு கால்சியம் மிச்சம் என்பது யாருக்கும் தெரியாது. விவசாயப் பகுதியில் உரத்தின் நைட்ரேட், நொய்யல் கரையில் சாயக் கழிவு, சேலம் தர்மபுரிப் பக்கம் புளோரைடு என்று ஊருக்கு ஒன்று வேறு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை அங்கே கண்டிப்பானது. அதற்கு முன் நிலத்துக்குள் போனது போனதுதான்.

சிறுவாணி அப்படியில்லை. குடித்துப் பார்த்தவருக்குத் தெரியும், அவ்வளவு மென்மை. ஆனாலும் அதை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் கலந்துதான் வருகிறது, குழாயிலும் தொட்டியிலும் பட்டதெல்லாம் சேர்ந்தும் வருகிறது.

செய்ய வேண்டியது ஆர்ஓ, அதற்குப் பின் டிஐ, அதாவது மிச்ச உப்புகளையும் ரெசினால் பிடிப்பது. வண்டலைப் பிடிக்கும் ஃபில்டர், குளோரினைப் பிடிக்கும் கார்பன், பிறகு ஆர்ஓ மெம்பரேன், கடைசியில் டிஐ ரெசின். மெம்பரேன் 90-லிருந்து 98 சதவீதம் வரை கரைந்ததைத் தடுக்கும். தப்பி வரும் நைட்ரேட், சிலிக்கா போன்றதை ரெசின் பிடித்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் பேனாவில் பூஜ்யம் காட்ட வைக்கும். சிலிக்காவை விட்டால் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம் வந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் எந்தக் குழாய் என்பது காசாக மாறுகிறது. 95 சதவீதம் தடுக்கும் மெம்பரேனுக்கு 1500 டிடிஎஸ் போர் தண்ணீரைக் கொடுத்தால் 75 வெளியே வரும். 150 டிடிஎஸ் ஆத்துத் தண்ணீரைக் கொடுத்தால் 7, 8 தான் வரும். மிச்சத்தைப் பிடிக்கும் ரெசின் இரண்டாவது வழியில் கிட்டத்தட்ட பத்து மடங்கு தண்ணீர் தாங்கும். ஆகவே நல்ல தண்ணீர் வரும் நாளில் அதிலிருந்தே ஒரு டிரம் ஆர்ஓ எடுத்து வைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறைதான் வருகிறது என்றாலும் இந்த வேலைக்கு அது போதும். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் இரண்டு ரெசின் குழாய்களை வரிசையாக மாட்டுவது நல்லது.

நடைமுறையில் கவனிக்க இரண்டு மூன்று இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் மெம்பரேனுக்குப் பற்றாது. பத்தடி உயரத்துக்கு நான்கு பிஎஸ்ஐ சொச்சம்தான் கிடைக்கும். மெம்பரேன் கேட்பது 50, 60. எனவே பூஸ்டர் பம்ப் கட்டாயம். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும்போது மெம்பரேன் வழியாக உப்பும் கூடுதலாகத் தப்பும், விடியற்காலையில் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்து மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் தண்ணீரில் டிடிஎஸ் ஏறியிருக்கும், சில நிமிடம் வெளியே விட்டுவிட்டுப் பிறகு ரெசினுக்கு அனுப்புங்கள். கழிவாக வரும் தண்ணீர் வாசல் தெளிக்க, பாத்ரூம் கழுவ ஆகும்.

சமையலறையில் ஏற்கெனவே ஆர்ஓ இருக்கிறதே என்றால், அது குடிப்பதற்காகச் செய்தது. ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் வைத்து வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும், மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. இப்போது வரும் சில மாடல்களில் காப்பர் கார்ட்ரிட்ஜும் உண்டு. செம்பு மனிதனுக்கு நல்லது என்று விற்பது இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். கடல் மீன்களின் ஒட்டுண்ணிக்குக் காப்பர் சல்பேட் மருந்து போடும்போதே செம்பின் அளவை லிட்டருக்கு 0.15-லிருந்து 0.2 மில்லிகிராம் வரைதான் வைப்பார்கள். முதுகெலும்பில்லாத எதுவும் அதைத் தாங்காது. இதே காரணத்துக்காக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் செம்புக் குழாயின் மேல் வழிந்து வந்தது. ஆர்ஓ தண்ணீர் சேமிக்கும் டிரம்மில் பித்தளை மிதவை வால்வு மாட்டிவிடாதீர்கள், பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது.

அவசரத்துக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் ஓரளவு ஆகும். டிடிஎஸ் பேனாவை விட்டுப் பார்த்து, குறைவாக இருந்தால் ஒரு முறைக்கு ஊற்றலாம். பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் பேனா பூஜ்யம் காட்டினால் சரி. ஆனால் அதே கடையில் அதே மாதிரிக் கேனில் ஆசிடும் இருக்கும். லேபிளைப் படிக்காமல் கேனைத் தூக்காதீர்கள், மூடியைத் திறந்ததும் முகர்ந்தும் பார்க்காதீர்கள்.

எதில் கலக்குவது

ஈரோட்டிலும் திருப்பூரிலும் பழைய நீல பேரல் மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் பிடிக்க ஊரே அதைத்தான் வாங்குகிறது. அதில் முன்பு என்ன வந்தது என்று யோசியுங்கள். பெராக்சைடு, அசிட்டிக் ஆசிட், சாயத்துக்கான துணைப் பொருள்கள். "நல்லா சோப்புப் போட்டுக் கழுவியாச்சுங்க" என்பார் கடைக்காரர். பிளாஸ்டிக் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டதைச் சோப்பு எடுக்காது. உப்புத் தண்ணீர் ஒரு நாள் முழுக்க அதில் சுழலும்போது மெதுவாக வெளியே வரும். புதிய, உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். அதன் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் ஹெச்டிபிஇ. அந்த டிரம்மை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள், முக்கியமாகப் பினாயிலுக்கு.

கலக்கும் முறை

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட டேங்க் என்றால் விளிம்பு வரை 191 லிட்டர். மேலே இரண்டு இஞ்ச் விட்டு, கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 140, 150 லிட்டர்தான் உண்மையில் இருக்கும். உப்புக் கணக்கைப் பெரிய எண்ணுக்குப் போட்டுவிடாதீர்கள்.

மெரைன் மிக்ஸில் கொஞ்சம் ஈரம் உள்ளேயே இருப்பதால் லிட்டருக்கு 35 கிராம் போட்டால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வராது. 36-லிருந்து 39 கிராம் வரை ஆகும், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 38 என்று வைத்துக்கொண்டால் 20 லிட்டருக்கு 760 கிராம், 100 லிட்டருக்கு 3.8 கிலோ. டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

டிரம்மில் முதலில் தண்ணீர். உப்பை அடியில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் முதலில் கரையும் கொஞ்சம் தண்ணீரில் எல்லாம் அளவுக்கு மீறி அடர்ந்து, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஒரு முறை படிந்தது மீண்டும் கரையாது. தண்ணீரில் பவர்ஹெட் என்ற சின்ன பம்ப்பை ஓடவிட்டு, அதன் நீரோட்டத்தில் உப்பை ஒவ்வொரு கைப்பிடியாகப் போடுங்கள். ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. முக்கால் பங்கு போட்டதும் கொஞ்ச நேரம் நிறுத்தி, உப்பளவு பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். கூட்டுவது சுலபம், குறைப்பதற்குத்தான் மறுபடி ஆர்ஓ தண்ணீர் வேண்டும்.

எவ்வளவு நேரம் சுழலவிடுவது என்பது உப்பைப் பொறுத்தது. ஒரு நாள் முழுக்க ஓடவிடுவது பொதுவான பழக்கம், அதற்குள் காற்றோடு சமநிலைக்கு வந்து பிஎச் 8.1, 8.3 என்று நிற்கும். ஆனால் ஆல்கலினிட்டி ஏற்றிய சில மிக்ஸ்களைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்லியே பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். அதிக நேரம், அதுவும் சூடான தண்ணீரில் சுழன்றால் டிரம் சுவரில் வெள்ளைப் படலம் கட்டும். இங்கே பாக்கெட்தான் எசமான். படலம் கட்டிய டிரம்மை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிடலாம்.

வெப்பநிலை 25, 26 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியலைத் தவிர ஹீட்டருக்குப் பெரிய வேலையில்லை. கோடையில் பிரச்சினை எதிர்ப்பக்கம். அறையே 33 டிகிரி இருக்கும்போது டிரம்மை வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள், பம்ப்பும் சூட்டை ஏற்றும் என்பதை மறக்காதீர்கள்.

அளப்பது

டிடிஎஸ் பேனாவைக் கடல்நீரில் விடாதீர்கள். அதன் எல்லை பெரும்பாலும் 9990 பிபிஎம், கடல்நீரோ 35,000. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு. ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவைக் கூட்டிக் காட்டும். ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கரும்பு, பழச்சாறு பார்க்கும் பிரிக்ஸ் கருவி அல்ல, உப்புக்கானது.

அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் ஆர்ஓ தண்ணீர் விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, சரி என்று விட்டுவிடுவார்கள். நம் கைக்கு வரும் பல கருவிகள் சமையல் உப்புக் கரைசலுக்காகக் கோடு போட்டவை. பூஜ்யத்தில் சரியாக இருந்தாலும் உண்மையான 35 பிபிடி கடல்நீரை 36.5 என்று காட்டும். அதை நம்பி 35-க்கு இறக்கினால் டேங்கில் இருப்பது 33.5 தான். ஆகவே வேலை நடக்கும் இடத்தில், அதாவது 35-இல் சரிபார்க்க வேண்டும். அதற்கான கரைசல் கடையில் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். 36.5 கிராம் உலர்ந்த தூள் உப்பை 963.5 கிராம் ஆர்ஓ டிஐ தண்ணீரில் கரைத்தால், அதன் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீரோடு ஒத்துப்போகும். இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-இல் நிற்கும்படி திருகைத் திருப்புங்கள். தண்ணீரையும் மில்லிலிட்டரில் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். தங்கம் நிறுக்கும் கைத்தராசு இருந்தால் பத்தில் ஒரு பங்கு போதும், 3.65 கிராமும் 96.35 கிராமும். சமையல் உப்புக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள ஒரே நல்ல வேலை இதுதான். அந்தக் கரைசல் டேங்குக்குள் போகக் கூடாது.

இலக்கு 35 பிபிடி, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026. மீன் மட்டும் என்றால் 1.023 வரை இறக்கி வைப்பவர்கள் உண்டு. எந்த எண்ணில் நிற்கிறீர்கள் என்பதைவிட ஆடாமல் நிற்பது முக்கியம்.

புது பாக்கெட் உடைத்த முதல் கலவையில் ஆல்கலினிட்டி, கால்சியம், மக்னீசியம், அம்மோனியா நான்கையும் ஒரு முறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு அருகில் வந்தால் போதும். அம்மோனியா தெளிவாகக் காட்டினால் அந்த உப்பை மீன் இருக்கும் டேங்கில் ஊற்றாதீர்கள். கடல்நீரின் பிஎச்சில் அம்மோனியாவின் விஷப் பங்கு நன்னீரைவிடக் கூடுதல்.

டேங்குக்குள் போன பிறகு

முதல் நிரப்பலுக்கு மட்டும், உள்ளே கல்லோ உயிரோ இல்லாதபோது, டேங்கிலேயே கலக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு எப்போதும் டிரம்தான். நிரப்பிய மறுநாளே மீன் விடச் சொல்லும் கடையை நம்பாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

வாரம் பத்து சதவீதம் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரின் உப்பளவும் வெப்பநிலையும் டேங்கோடு ஒத்துப்போன பிறகே ஊற்றுங்கள். உப்பு குறைந்திருந்தால் திருத்தம் இப்படி: 100 லிட்டர் டேங்க் 33-இல் இருந்து 35-க்கு வர 200 கிராம் சொச்சம் வேண்டும். டேங்கிலிருந்தே ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து, அதைத் தனியாக அதில் முழுதாகக் கரைத்து, இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். 37-க்கு ஏறியிருந்தால் ஐந்தரை லிட்டர் கடல்நீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர், இதையும் அதேபோல இரண்டு தவணையாக.

வற்றும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது எப்போதும் வெறும் ஆர்ஓ டிஐ தண்ணீர்தான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். கோடையில் குளிர்விக்க ஃபேன் வைத்தால் இன்னும் வேகமாக வற்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில், சன்னல் ஓரமாக டேங்க் வைத்திருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வீடுகளில் ஒரே நாளில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கும். கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தினமும் காலையில் அதுவரை நிரப்புங்கள். வெளியூர் போகிறவர்கள் தானாக நிரப்பும் ஏடிஓ மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அதன் தொட்டியில் பத்து லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். சென்சார் சிக்கிக்கொண்டால் இருப்பதெல்லாம் உள்ளே இறங்கிவிடும்.

நிஜக் கடல்நீரையே கேனில் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: கொண்டுவரலாம், ஆனால் கரையோரத்தில் மொண்டது வேண்டாம். ஆற்று முகத்துவாரம், துறைமுகம் இரண்டையும் விட்டு உள்ளே போய் எடுத்ததாக இருக்க வேண்டும். பொன்னானிப் பக்கம் மழைக்காலத்தில் பாரதப்புழை கொட்டும் நன்னீரில் உப்பளவு இறங்கிவிடும், மார்ச் ஏப்ரல்தான் தோது. கொண்டுவந்ததை மெல்லிய வலையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வைத்து, அடியில் தங்கியதை விட்டு மேல்நீரை மட்டும் எடுத்து, உப்பளவு பார்த்துப் பயன்படுத்துங்கள். பெட்ரோலும் நேரமும் கணக்குப் போட்டால் ஒரு வாளி மெரைன் சால்ட் வாங்கிவிடலாம்.

எந்த வழியில் போனாலும், கலந்து தயாரான 20 லிட்டர் எப்போதும் ஒரு கேனில் மூடி இருக்கட்டும். டேங்கில் ஏதாவது செத்துக் கிடந்து அம்மோனியா ஏறும் ராத்திரியில் ஆர்ஓ ஓட்டி, உப்பு நிறுத்து, கரைய வைக்க நேரம் இருக்காது.